பழைய டீசல் வண்டியும் ஒரு சாண் ரப்பர்க் குழாயும்

நம்மவர் குடும்பங்களில் எத்தனை வீட்டு அடுப்பு ஒரு வண்டியை நம்பி எரிகிறது என்பது, சங்கத்துக் கூட்டத்திற்கு வரும் அன்பர்களிடம் ஒரு சுற்று விசாரித்தாலே தெரிந்துவிடும். தாராவியில் முறுக்கும் தட்டையும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், மாட்டுங்காவில் பூவும் வாழையிலையும் விற்பவர்கள், செம்பூரில் கல்யாணத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு அனுப்புகிறவர்கள் ஆகிய எல்லோருக்கும் ஒரு சிறு சரக்கு வண்டியே கையும் காலுமாக இருக்கிறது. அது பெரும்பாலும் புது வண்டியாக இராது. இரண்டு மூன்று கை மாறி வந்ததாக இருக்கும். ஓட்டுகிறவருக்கு அதன் உள்ளுறுப்புகளைப் பற்றி அதிகம் தெரியாது. தெரிந்த ஒருவர் பட்டறையில் இருக்கிறார். அவர் சொன்னதே வேதவாக்கு. இந்த நிலையில் ஒரு நாள் விடியற்காலை வண்டி கிளம்ப மறுத்தால் ஒரு வீடு என்ன பாடு படுகிறது என்பதை நான் என் அக்காள் வீட்டிலேயே பார்த்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மோட்டார் மெக்கானிக் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே காரியாலயம் ஒன்றில் ரிஜிஸ்தர் எழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. டீசல் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, ரயில்வே டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் கேட்டறிந்தது. மறு பாதி, என் சட்டையில் கறை படிந்து கற்றுக்கொண்டது. சென்ற சில ஆண்டுகளில் வந்த கணிப்பொறி கட்டுப்பாட்டு வண்டிகளைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. கையால் திருகி, கண்ணால் பார்த்து, காதால் கேட்டுப் பழுது கண்டுபிடிக்கக்கூடிய பழைய டீசல் வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன். அவை இங்கே குறைந்துவிட்டாலும் நம் ஊர்ப்பக்கங்களில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன.

2012-ஆம் ஆண்டு மழைக்காலம். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. என் அத்தான் தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் முறுக்குத் தொழில் செய்துகொண்டிருந்தார். 2005-ஆம் ஆண்டு மாடல் பிக்கப் வண்டி ஒன்றை மூன்றாம் கையாக வாங்கியிருந்தார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. தினமும் காலை நான்கு மணிக்குச் சரக்கை ஏற்றிக்கொண்டு செம்பூர், கோவண்டி, மான்கூர்ட் கடைகளுக்குப் போட்டுவிட்டு, வாஷிப் பாலம் தாண்டி நவி மும்பைக் கடைகளையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பிவிடுவார்.

ஒரு வாரமாகவே காலையில் வண்டியை எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. முதலில் சைலன்சரில் புகையே வராது. நாலைந்து முறை அடித்த பிறகு வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து, நொண்டி நொண்டிப் பிடிக்கும். ஒரு தடவை பிடித்துவிட்டால் பகலில் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் தகராறு இல்லை. ஆனால் வாஷிப் பாலத்து ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைந்து திணறும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "பம்ப் போய்விட்டது" என்றார். பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்ற வேண்டும், நாசில்களையும் மாற்ற வேண்டும், 32,000 ரூபாய் ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள், பத்து நாள் வண்டியைக் கேட்காதீர்கள் என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பம்பைத் தாண்டி அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நாளும் வாடகை வண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது அத்தானின் முகம் சுருங்கிப்போயிற்று. அக்காள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அது எங்கள் தாயார் அவளுக்குப் போட்டு அனுப்பிய மூன்று பவுன்.

அன்று சனிக்கிழமை. அடகுக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும் என்பதால் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. சயானில் என் அறைக்கு அடுத்த வீட்டில் இருந்த மேற்சொன்ன பெரியவரை நான் கையோடு அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் வண்டியின் முன்மூடியைத் திறக்கவேயில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அத்தானை விசாரிக்க ஆரம்பித்தார். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? முதலில் புகை வருகிறதா, வரவில்லையா? ராத்திரி முழுதும் நின்றால் மட்டும் தகராறா, ஒரு மணி நேரம் நின்றாலுமா? சரக்கு ஏற்றினால் எப்படி, ஏற்றாவிட்டால் எப்படி? அத்தான் பாதிக்கு மேல் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார். அப்போது கதவோரத்தில் நின்றுகொண்டிருந்த என் அக்காள், "ஐயா, டேங்க் நிறைய டீசல் போட்ட மறுநாள் மட்டும் வண்டி ஒழுங்கா கிளம்புதுய்யா. கொறைஞ்சா தான் இந்தப் பாடு" என்றாள்.

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உன் அக்கா பாதி வேலையை முடிச்சிட்டாங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அமுக்கினால் சூடேறும். இந்த ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டு ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நன்றாக ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்து காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றைப் பதினெட்டு, இருபது மடங்கு அமுக்கினால் அது ஐந்நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பொடிப்பொடியான தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, டீசல் வண்டி கிளம்ப மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நன்றாக அமுக்கப்பட வேண்டும், டீசல் சரியான நேரத்தில் சரியான அழுத்தத்தில் வந்து சேர வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் எங்கள் கதை இருந்தது. பம்ப் டீசலை நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்புகிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் அது முடிகிறது. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் பம்ப் தள்ளத் தள்ளக் குமிழி சுருங்கிச் சுருங்கி விரியும், நாசில் திறக்காது. நம் மெக்கானிக்குகள் இதை "ஏர் பிடித்துவிட்டது" என்பார்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது? டேங்கிலிருந்து பம்ப் வரையில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. உறிஞ்சும் குழாயில் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் போதும், டீசல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே போகும். ஆகையால் தரையில் ஈரம் இராது; குழாயில் கறை இராது; பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த விரிசல் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு, குழாயில் இருக்கும் டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்பு வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். அதனால்தான் முதலில் புகையே இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் டீசலின் மட்டம் உயர்ந்து, இறங்க வேண்டிய உயரம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் மறுநாள் மட்டும் வண்டி கிளம்புகிறது. அக்காளின் வாக்கியம் இத்தனையும் சொல்லிவிட்டது. பம்ப் தேய்ந்திருந்தால் டேங்க் நிறைந்திருக்கிறதா என்று அது பார்க்காது.

ஆனாலும் பெரியவர் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சோதித்தார். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் வடிகட்டிய டீசலை ஊற்றி, பம்பின் மட்டத்துக்கு மேலே, சூடான சைலன்சர்க் குழாய்க்கு எட்டாத இடத்தில் கயிற்றால் இறுகக் கட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாயை விலக்கிவிட்டு, கேனிலிருந்து புதுக் குழாய் ஒன்றை நேரே பம்பின் வாயில் மாட்டினார். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, "ராத்திரி முழுக்க இப்படியே நிக்கட்டும், காலையில அடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை மூன்றே முக்காலுக்கு நானும் அங்கே இருந்தேன். அத்தான் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்ப் குற்றமற்றது என்று தீர்ந்துபோயிற்று.

அதன் பிறகு குற்றவாளியைப் பிடிப்பது அரை மணி நேர வேலை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை டேங்கிற்கும் ஃபில்டருக்கும் நடுவில் வைத்து எஞ்சினை ஓட்டினோம். சோடா புட்டியில் எழுவதுபோலக் குமிழிகள் ஓடின. ஆக, ஓட்டை டேங்கின் பக்கம். டேங்கின் தலையிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் வண்டியின் அடியில் ஓடும் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாய், கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாதபடி வெடித்திருந்தது. டீசலுக்கென்று விற்கும் ரப்பர்க் குழாய் ஒரு சாணும், இரண்டு கிளிப்பும், ஃபில்டர் தலைக்கு நாலு செம்பு வாஷரும் வாங்கினோம். மொத்தம் 180 ரூபாய். சங்கிலி அக்காள் கழுத்துக்குத் திரும்பிற்று.

குழாயைக் கழற்றி மாட்டியபின் காற்றை வெளியேற்றுவது எப்படி என்று பலர் கேட்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் சிறு பம்ப் இருக்கும். ஃபில்டரிலிருந்து வெளியே போகும் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் ஒரு கந்தல் துணியை வைத்துக்கொண்டு, அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியில்லாத டீசல் வந்ததும் அமுக்கிய நிலையிலேயே திருகை இறுக்க வேண்டும். பிறகும் பிடிக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் குழாய்களின் மரைகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் கசிந்ததும் இறுக்கலாம். இந்த வேலையின்போது கையையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் புகுந்துவிடும். பார்த்தால் எறும்பு கடித்த தடம்போலத்தான் இருக்கும்; ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரும். செல்ஃபையும் ஒரே மூச்சாக அடிக்கலாகாது. பத்து வினாடி அடித்து, அரை நிமிஷம் விட்டு அடிக்க வேண்டும். இல்லையேல் செல்ஃப் மோட்டார் வெந்துபோகும்.

அன்று முதல் அத்தான் வண்டிக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ரயில்வேயில் ஓர் எஞ்சின் ஷெட்டை விட்டுப் போனாலும் வந்தாலும் எழுதாமல் விடுவதில்லை. நமக்குச் சோறு போடும் வண்டிக்கு மட்டும் ஏன் எழுத்து வேண்டாம்? கோடு போட்டு ஐந்தே பத்திகள்: தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய எஞ்சின் ஆயில், குறிப்பு. முதலில் அத்தான் "மாப்பிள்ளை, என்னையும் குமாஸ்தா ஆக்கப் பார்க்கிறீரா?" என்று கேலி செய்தார். மூன்றாம் மாதம் அந்தப் புத்தகமே பேச ஆரம்பித்தது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த வண்டி 10-க்கு இறங்கியிருந்தது. ஓட்டுகிறவருக்கு அது தெரியவேயில்லை. ஏனென்றால் ஒரே நாளில் இறங்கவில்லை. திறந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் முழுதும் பிளாஸ்டிக் தூளும் மாவும் அடைத்துக்கொண்டிருந்தது. தாராவியின் பழைய சாமான் சந்துகளில் நிறுத்தும் வண்டிக்குக் கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் தூரம் வரை ஏர் ஃபில்டர் தாங்காது. அதில் பாதி தூரத்திலேயே திறந்து பார்ப்பது உத்தமம்.

அப்போதுதான் கறுப்புப் புகைக்கு அர்த்தம் தெரிந்தது. புகையின் நிறம் நாடி பார்ப்பதைப் போன்றது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த டர்போக் குழாய், சொட்டும் நாசில், அளவுக்கு மீறிய பாரம். நீலமென்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது: பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ டர்போவோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையென்றால் டீசல் வந்து சேர்ந்தும் எரியாமல் வெளியேறுகிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது பாட்டரிதான். பாட்டரி இறங்கியிருந்தாலும், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் போகும் எர்த் ஒயர் மும்பையின் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தாலும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய சூடாகாது, டீசல் எரியாது. எர்த் ஒயரை உப்புக் காகிதத்தால் தேய்த்து இறுக்கப் பத்து ரூபாய்கூட ஆகாது. இதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு. வண்டி ஓட ஆரம்பித்த பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் மட்டும் சிலிண்டர் தலையைச் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி ஒரு பிரமை பலருக்கு இருக்கிறது. மாற்றி இரண்டாம் நாளே கறுத்துவிட்டதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கறுக்கத்தான் செய்யும். கரியைத் தன்னில் கரைத்துக்கொள்வது அதன் வேலை. பயப்பட வேண்டியவை வேறு. பால் கலந்த காபிபோல வெளுத்தால் தண்ணீர் இறங்குகிறது. ஊற்றாமலேயே அளவு கம்பியில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால், எங்கோ ஒரு சீல் வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. இந்த இரண்டாவதை அலட்சியம் செய்யலாகாது. மிஞ்சிப்போனால் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துச் சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடி உடைந்துபோகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பார்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சூடாகிறதென்றால் ரேடியேட்டரின் சல்லடையில் அடைத்திருக்கும் குப்பையையும், விசிறிப் பட்டையின் இறுக்கத்தையும், ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாதென்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருஷத்துக்கு யாராவது ஒருவர் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் மும்பையில் வண்டியைப் பற்றி எழுத முடியாது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததும், மீட்டி நதி பெருகித் தாராவி, சயான், குர்லா வீடுகளுக்குள் வந்ததும் நம்மில் யாருக்கும் மறக்காது. அவ்வளவு பெரிய மழை வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க ஒரு மாலை மழை போதும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லையாதலால் தண்ணீரில் சுலபத்தில் நின்றுவிடாது. அந்தத் தைரியமே ஆபத்து. காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதை நான் குமாஸ்தாத்தனமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் சேர்ந்து 2500 கன சென்டிமீட்டர் என்றால் ஒன்றுக்கு 625. பதினெட்டு மடங்கு அமுக்கினால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 37 கன சென்டிமீட்டர்தான். குழந்தைக்கு இருமல் மருந்து ஊற்றும் சிறு மூடியில் நாலு மூடித் தண்ணீர் உள்ளே போனால் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

ஆகையால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. தள்ளி ஓரம் கட்டி, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் நாசில்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். அத்தானின் சிநேகிதர் ஒருவர், "ஒரு தடவை அடிச்சுத்தான் பார்ப்போமே" என்று காந்தி மார்க்கெட் எதிரே செல்ஃப் அடித்தார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். அந்த ஒரு சத்தத்துக்கு அவர் கொடுத்த விலை எழுபதாயிரம் ரூபாய்.

மழைக்காலத்தில் டீசலிலும் தண்ணீர் சேரும். பாதி காலியான டேங்கில் இருக்கும் ஈரக்காற்று ராத்திரி குளிர்ந்து துளிகளாக இறங்கும். ஆகவே டீசலைக் காலையில் போடுவதைவிட இரவில் போட்டு நிறுத்துவது மேல். ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வாரம் ஒரு முறை ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் பிடித்தால், தண்ணீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். தண்ணீர் தெரியாமல் போகும்வரை வடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பம்புக்குள் போயிருந்தால் பட்டறைக்காரர் சொன்ன 32,000 உண்மையாகவே செலவாகியிருக்கும்.

பாகங்கள் வாங்குவதில் நம்மவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. மும்பையில் குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கத்தில் கிடைக்காத பாகமில்லை. அவற்றில் பல நம் சென்னையிலிருந்து வந்தவை. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். செய்யும் செல்ஃபும் டைனமோவும், இந்தியா பிஸ்டன்ஸின் பிஸ்டன்களும், ரானே வால்வுகளும் எந்தப் பட்டறையிலும் கண்ணில் படும். நாசிலும் பம்பும் 1951-இல் ஏற்பட்ட மைக்கோவின் பெங்களூர் வழி வந்தவை. இந்தப் பெயர்களைப் பெட்டியில் அச்சடித்துப் போலிச் சரக்கு விற்பவர்களும் உண்டு. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் டீசல் ஃபில்டரில் பிடிக்க வேண்டாம். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய ஃபில்டரின் காகிதம் பிரிந்து பம்புக்குள் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புகைச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பாரத் ஸ்டேஜ் நான்குக்கு முந்திய டீசல் வண்டிகளின் புகைக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை மீட்டருக்கு 2.45, பாரத் ஸ்டேஜ் நான்கு வண்டிகளுக்கு 1.62. சோதனைக்கு முதல் நாள் பம்பின் திருகைக் குறைத்து வைத்துத் தேறிவிட்டு, மறுநாள் பழையபடி திறந்துவிடும் தந்திரத்தைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் புகை போவது நம் சந்துக்குத்தான். அதைச் சுவாசிப்பவை நம் பிள்ளைகள்தான். இந்நகரத்துப் புகையைப் பற்றி உயர் நீதிமன்றம் வழக்கைக் கேட்டு, 1999-இல் வி. எம். லால் தலைமையில் குழு ஏற்பட்டு, அதன் பிறகு பழைய வணிக வண்டிகள் மீது கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஜனவரியிலும் டீசல், பெட்ரோல் வண்டிகளை மும்பையில் அறவே குறைக்க முடியுமா என்று ஆராய அரசு ஒரு குழுவை நியமித்தது. ஏர் ஃபில்டரும் நாசிலும் சுத்தமாக இருந்தால் திருகைத் தொடாமலேயே வண்டி தேறும். அத்தான் வண்டி ஒவ்வொரு முறையும் அப்படித்தான் தேறிற்று.

ஆனாலும் அந்த வண்டியை மும்பையில் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாதென்று தெரிந்தது. 2013-ஆம் ஆண்டு முடிவில் அத்தான் எரிவாயுவில் ஓடும் சிறு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதைத் தென்காசிப் பக்கத்தில் வாழைக்காய் வியாபாரம் செய்யும் எங்கள் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது சாவியோடு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். "இது இல்லாம வண்டிய எடுக்காதே" என்று அக்காள் சொல்லி அனுப்பினாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த வண்டியில் ஏறிப் போய்வந்தேன். புத்தகம் ஐந்தாவதாகிவிட்டது. புரட்டிப் பார்த்தேன். பாதிப் பக்கங்களில் தம்பியின் கையெழுத்து, மீதியில் அவன் மனைவியின் கையெழுத்து. நவம்பர் மாதத்துப் பக்கத்தில் குறிப்புப் பத்தியில் அவள் எழுதியிருந்தாள்: "காலையில் கிளம்பத் தாமதம். டேங்க் காலில் ஒரு பங்குதான் இருந்தது. குழாய் பார்த்தாச்சு. கிளிப் தளர்ந்திருந்தது. இறுக்கியாச்சு."